சீனி வருத்தத்துக்கு ஒரு மரபணு போதாதா?

கேள்வி: அப்பப்பா, அப்பா, பெரியப்பா எல்லோருக்கும் சீனி வருத்தம். அதற்கான மரபணுவைத் தேட மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) எதற்கு?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: ஒரே மரபணு என்றால் தேவையே இல்லை, சகோதரி. இரண்டாம் வகை நீரிழிவில் நம் டி.என்.ஏ.வின் நூற்றுக்கணக்கான இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்களிக்கின்றன. ஆளின் உயரத்துக்கோ 54 லட்சம் பேரின் தரவில் 12,111 டி.என்.ஏ. மாற்றங்களை 2022இல் இனங்கண்டார்கள்.

இடங்களைத் தனித்தனியே சோதிப்பது சுலபம். குரோமோசோம் வாரியாகப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். 5 லட்சம் இடங்களைச் சோடி சோடியாகப் பார்த்தால்தான் சுமார் 12,500 கோடி சோதனைகள்; மீக்கணினி இதற்குத்தான். 5 லட்சம் பேருக்கிடையிலான மரபுறவு அட்டவணையை (யாருக்கு யார் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதை) முழுதாக ஏற்ற, எண்ணுக்கு 8 பைட் வீதம் 2 டெராபைட் நினைவகம் வேண்டும். அது போதாவிட்டால் வேலை நடுவில் நின்றுவிடும்.

சோதனை கூடக்கூடத் தற்செயல் பொருத்தமும் பெருகும். அதனால்தான், தற்செயலாக வரும் வாய்ப்பு 2 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் ஏற்பது என்ற கடும் வரம்பு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் தரவைத் திருத்தாமல் கலந்தால், சாப்பாட்டுப் பழக்கம்கூட மரபணுவின் வேலைபோலத் தோன்றும். முதன்மைக் கூறுகளை (ஆட்களின் மரபு வேறுபாட்டைச் சுருக்கிக் காட்டும் எண்களை)க் கணித்து இதைத் திருத்த வேண்டும். பலர் அவசரத்தில் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஐரோப்பியர் தரவில் கணித்த மரபணு ஆபத்துப் புள்ளிகள் (நோய் வரும் வாய்ப்பைச் சொல்லும் மதிப்பெண்கள்) நமக்கு அவ்வளவாகப் பொருந்தா. அந்தப் புள்ளிக்குக் காசு கொடுக்காமல், வெறும் வயிற்றில் குருதிச் சீனியைப் பாருங்கள்.