ஷிகாகோவில் பணம் வைத்து பூல் ஆட

பூல் (குச்சியால் பந்தைக் குழியில் தள்ளும் மேசை ஆட்டம்) ஆடுகிறவர் நீங்கள்; ஃபார்கோ ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான மதிப்பெண்) 520, இரண்டு வாரம் ஷிகாகோவில் தங்கல், நியாயமான பண ஆட்டம் வேண்டும் என்கிறீர்கள். இல்லினாய் மாநிலச் சட்டம் திறமை ஆட்டத்திலும் பணப் பந்தயத்தைத் தடுக்கிறது. முறையான போட்டியில் ஆடுபவருக்குத் தரும் பரிசுக்கு விலக்கு உண்டு. அதனால் வாரப் போட்டி நடத்தும் பூல் கூடத்தைத் தேடுங்கள். வெளியூர்க்காரருக்கு அதுதான் பாதுகாப்பும்கூட: நுழைவுக் கட்டணத்துக்கு மேல் நஷ்டம் வராது.

காசு போட்டு ஆடும் 7 அடி டேபிள் வேண்டாம். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் 9 அடி டேபிள் உள்ள இடம் நல்லது. குஷனை (டேபிளின் ரப்பர் ஓரத்தை) ஒட்டி ஒரு பந்தை மிக மெதுவாக உருட்டுங்கள். கடைசியில் விலகினால் டேபிள் மட்டமில்லை.

திறமை குறைந்தவருக்குச் சலுகை எப்படித் தருகிறார்கள் என்று போட்டியில் சேரும் முன் கேளுங்கள். ஃபார்கோ கணக்கில் எதிராளி உங்களைவிட 100 புள்ளி அதிகம் என்றால், அவர் இரண்டு ஆட்டம் ஜெயிக்கும்போது நீங்கள் ஒன்று ஜெயிப்பீர்கள். வெல்ல 570 உள்ளவர் 7 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், உங்களுக்கு 5 போதும் என்று வைத்தால் கிட்டத்தட்ட சமம். சலுகையின்றி இருவருக்கும் 5 என்றால் உங்களுக்கு நஷ்டம்தான்.

ரேட்டிங்கே இல்லாத ஒருவர் தானாக வந்து தனி ஆட்டத்துக்குக் கூப்பிட்டால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். வேண்டுமென்றே இரண்டு ஆட்டம் விட்டுக்கொடுத்து, பிறகு தொகையை இரட்டிப்பாக்கக் கேட்பது ஏமாற்றுபவர்களின் பழைய வழி.