முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி நோகிற வருத்தம்): ஊர் ஊரா வந்த கேள்விகளும் பதிலும்

கோப்பாய்: அம்மாவுக்கு ரெண்டு கையிலும் விரல் மூட்டு வீக்கம். மெதோட்ரெக்சேட் எழுதியிருக்கினம். புற்றுநோய் மருந்தாம், குடுக்கலாமோ?

குடுங்கோ. புற்றுநோய்க்குப் போடுற அளவு வேறை. ஆபத்து நாள் பிசகுறதிலதான்: கிழமைக்கு ஒருநாள் மட்டும். நாளாந்தம் விழுங்கினால் என்பு மச்சை கெட்டு உயிரே போகலாம். கலண்டரில நாளை வட்டமிடுங்கோ. 2.5, 10 மில்லிகிராம் எண்டு ரெண்டு குளிசை இருக்கு, வாங்கேக்க பட்டையை வாசியுங்கோ. கூடத் தாற போலிக் அமிலக் குளிசை (ஒரு விற்றமின்) வேறொரு நாளில. குணம் தெரிய 6 முதல் 12 கிழமை செல்லும். இரத்தக்கலம், ஈரல், சிறுநீரகப் பரிசோதனையைத் தொடக்கத்தில ரெண்டு கிழமைக்கொருக்காச் செய்யவேணும். வாய்ப்புண், காய்ச்சல், கண்டல் கண்டால் அடுத்த குளிசையைப் போடாமல் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. சலக்கடுப்புக்குக் கோட்ரைமொக்சசோல் எண்ட கிருமிகொல்லி தந்தால் இந்த மருந்தைச் சொல்லி மாத்துவியுங்கோ, ரெண்டும் சேரக்கூடாது.

சாவகச்சேரி: முடக்கொத்தான் ரசம்?

குடியுங்கோ. குளிசைக்குப் பதிலா இல்லை.

சுன்னாகம்: எங்கட ஊரில ஒருத்தர் தாற பொடியில ரெண்டு நாளில எழும்பி நடக்கினம். உங்களுக்கு இங்கிலீஷ் மருந்துதான் மருந்து!

ரெண்டு நாளில வீக்கம் வத்தி, பசி கூடி, போகப்போக முகமும் உப்பினால் அதுக்குள்ள ஸ்டீரொயிட் கலந்திருக்கெண்டு சந்தேகிக்கவேணும். மாதக்கணக்கா எடுத்துப்போட்டு சடாரெண்டு நிப்பாட்டினால் சத்தி, மயக்கம், இரத்த அழுத்தம் விழுகிறது எல்லாம் வரும். மிச்சப் பொடியோட வைத்தியரிட்டைப் போங்கோ, தானா நிப்பாட்டாதேங்கோ.

சுன்னாகம்: அப்ப சித்த வைத்தியம் பொய்யோ?

ஆர் சொன்னது? கைதடி சித்த போதனா வைத்தியசாலை இருக்கு. என்ன மருந்தெண்டு எழுதித் தருவினம். கிளினிக் கொப்பியை அங்கயும், அவையின்ர துண்டை இங்கயும் காட்டுங்கோ. பேர் தெரியாத பொடிதான் என்ர சண்டை.

வல்வெட்டித்துறை: துணி பிழிய, தேங்காய் துருவ ஏலாது.

விடியத்தில செய்யாதேங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியில கையைப் பத்து நிமிஷம் வைச்சு, மெதுவா மூடித் திறவுங்கோ. துணியைக் குழாயில சுத்தி ரெண்டு கையாலயும் முறுக்குங்கோ. அகப்பைப் பிடிக்குப் பழந்துணி சுத்தித் தடிப்பாக்குங்கோ. வாளியை முழங்கை மடிப்பில கொழுவித் தூக்கினால் விரலுக்குச் சுமை குறையும். மூட்டு சுட்டு வீங்கியிருக்கிற நாளில மடக்கி நீட்டுறது மட்டும்.

நல்லூர்: புளி சாப்பிடலாமோ?

புளியைப் பற்றி இண்டைக்கு நீங்கள் மூண்டாவது ஆள். சாப்பிடுங்கோ. சிகரெட்டை விடுங்கோ, அதை ஒருத்தரும் கேக்கிறியளில்லை.

உரும்பிராய்: வாற வருஷம் பிள்ளைக்கு யோசிக்கிறம். மெதோட்ரெக்சேட்டில இருக்கிறன்.

கருவைப் பாதிக்கும் மருந்து. முயல முன்னமே வைத்தியரோட கதைச்சு மாத்துங்கோ. வைத்தியர் முயலலாம் எண்டு சொல்லுமட்டும் கருத்தடையை விடாதேங்கோ. குளிசைதான் கிழமைக்கு ஒருநாள்.

மானிப்பாய்: ராவோட ராவா கால் பெருவிரல் சிவந்து வீங்கிட்டுது.

அது கவுட் எண்ட, யூரிக் அமிலம் மூட்டில படியிற வருத்தமாயிருக்கலாம், இரத்தத்தில யூரிக் அமிலம் பாருங்கோ. காய்ச்சலும் எண்டால் மூட்டுக்குள்ள கிருமித்தொற்றாயிருக்கலாம், இண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ.