உறவில்லாத இரண்டு பிராசஸ், பொதுவான ஒரு நினைவகம்: கேள்வி பதில்

பாயான் லெப்பாஸிலிருந்து: வணக்கம் அண்ணே. சிப் சோதிக்கும் மெஷின், லினக்ஸ். படம் எடுப்பது ஒரு புரோகிராம், குறை தேடுவது இன்னொன்று; தனித்தனியாகத்தான் ஸ்டார்ட் ஆகும். ஒரு படம் 12 எம்பி. சாக்கெட்டில் (புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) அனுப்பினால் காப்பி எடுப்பதிலேயே நேரம் போகிறது. நினைவகத்தைப் பகிர எங்கே தொடங்குவது?

பதில்: வணக்கம் தம்பி. ஃபோர்க்கில், அதாவது ஓடும் புரோகிராம் தன்னையே நகலெடுத்துப் பிறந்த பிராசஸ் என்றால் பகிர்ந்த நினைவகம் தாயிடமிருந்தே வந்துவிடும். உங்களுடையவை தனித்தனியாகப் பிறப்பதால், இரண்டுக்கும் தெரிந்த பெயர் ஒன்று வேண்டும். அதற்குத்தான் எஸ்எச்எம்_ஓபன்: பெயர் சொல்லிப் பகிர்வு நினைவகத்தைத் திறக்கும் அழைப்பு. பெயர் ஒரு சாய்கோட்டில் தொடங்கட்டும், நடுவில் வேறு சாய்கோடு கூடாது.

படம் எடுக்கும் புரோகிராம் ஓ_கிரியட் (புதிதாக உருவாக்கு), ஓ_எக்ஸ்க்ல் (ஏற்கெனவே இருந்தால் மறு) இரண்டையும் சேர்த்துத் திறக்கட்டும். அடுத்து எஃப்ட்ரன்கேட்டில் அளவு: நான்கு படங்களுக்கு 48 எம்பி, தலைப்பகுதிக்கு 4 கேபி. பிறகு மேப்_ஷேர்டு கொடுத்து எம்மேப்: அந்த நினைவகத்தை பிராசஸின் முகவரிகளோடு இணைப்பது. அதற்குமேல் எஸ்எச்எம்_ஓபன் தந்த எண்ணை, அதாவது டிஸ்கிரிப்டரை மூடிவிடலாம், மேப் அப்படியே இருக்கும்.

இரண்டு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, அனுமதி 0660 என்று கொடுத்தாலும் யூமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைக் குறைக்கும் அமைப்பு) 022 அதை 0640 ஆக்கிவிடும். வேறு யூசரில் ஓடும் புரோகிராம் எழுதத் திறந்தால் மறுக்கப்படும். உருவாக்கியதும் எஃப்ச்மோட் போட்டு அனுமதியை மறுபடி 0660 ஆக்குங்கள். இரண்டு, பெயர் பிறப்பதற்கும் அளவு கிடைப்பதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் படிப்பவர் திறந்தால் அளவு 0. எம்மேப் வெற்றி பெறும், தொட்டதும் சிக்பஸ் (பின்னால் இடமில்லாத நினைவகத்தைத் தொட்டால் வரும் சிக்னல்) வந்து புரோகிராம் சாகும். எஃப்ஸ்டாட்டில் அளவைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அளவு வந்தால் மட்டும் போதாது: தலைப்பகுதியில் ஓர் அடையாள எண் வைத்து, எல்லாம் தயாரான பிறகு கடைசியாக அதை எழுதுங்கள்.

பங்சாரிலிருந்து: எங்கள் புரோகிராம் நேரடியாக ஓடும்போது சரி, டாக்கரில் (புரோகிராமைத் தனி கன்டெய்னருக்குள் ஓட்டும் மென்பொருள்) போட்டால் சில நிமிடத்தில் சிக்பஸ். அளவெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது சார்.

பதில்: எஸ்எச்எம்_ஓபன் உருவாக்குவதெல்லாம் /டெவ்/எஸ்எச்எம்மில்தான் உட்காரும்; கன்டெய்னருக்குள் அது வழக்கமாக 64 எம்பிதான். எஃப்ட்ரன்கேட் இடத்தை ஒதுக்குவதில்லை, நீளத்தை மட்டும் குறிக்கும்; அதனால் 200 எம்பி கேட்டாலும் வெற்றி என்றே சொல்லும். பக்கங்களை எழுத எழுத இடம் தீர்ந்து அடி விழும். எஃப்ட்ரன்கேட்டுக்குப் பிறகு போசிக்ஸ்_எஃபாலோகேட்டைக் கூப்பிடுங்கள், இடமில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். அது பிழை எண்ணை வழக்கமான எர்நோ மாறியில் வைக்காது, திருப்பித் தரும் மதிப்பாகவே தரும். கன்டெய்னரைத் தொடங்கும்போது எஸ்எச்எம்-சைஸ் கூட்டுங்கள். இரண்டு கன்டெய்னருக்கு நடுவில் பகிர்வதென்றால் ஐபிசி (பிராசஸ்களுக்கு இடையிலான தொடர்பு) அமைப்பில் முதலாவதற்கு ஐபிசி=ஷேரபிள், இரண்டாவதற்கு ஐபிசி=கன்டெய்னர் என்று முதலாவதன் பெயர்; இல்லையேல் ஆளுக்கொரு /டெவ்/எஸ்எச்எம், பெயர் ஒன்றாக இருந்தும் பொருள் வேறு.

செந்தூலிலிருந்து: பகிர்ந்த இடத்தில் ஸ்டிரக்ட் வைத்தேன், உள்ளே சி++ எழுத்துச்சரமான எஸ்டிடி::ஸ்டிரிங். அடுத்த புரோகிராம் படித்தால் செக்மென்டேஷன் ஃபால்ட்.

பதில்: ஸ்டிரிங்கின் எழுத்துகள் உங்கள் பிராசஸின் சொந்த நினைவகமான ஹீப்பில் இருக்கலாம், பகிர்ந்தது வெறும் முகவரியை. பகிர்ந்த இடமே கூட ஒவ்வொரு பிராசஸிலும் வேறு முகவரியில் உட்காரும். பாயின்டருக்குப் பதில் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் என்ற தூரத்தை வையுங்கள். விர்ச்சுவல் ஃபங்ஷன் உள்ள கிளாஸும் ஆகாது. எண்களுக்கு யூஇன்ட்32, யூஇன்ட்64 போல அளவு நிலையான வகைகள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடவேண்டும் என்று செமஃபோர் (எண்ணிக்கை வைத்துக் காக்கவைக்கும் கருவி) வைத்துப் பூட்டுகிறோம் அண்ணா. பூட்டு வைத்திருக்கும் பிராசஸை கில் -9 என்று கட்டாயமாகக் கொன்றால் மற்றது அப்படியே தொங்குகிறது.

பதில்: இந்த வேலையில் கஷ்டமே இங்கேதான். நினைவகத்தைப் பகிர நாலு வரி போதும். பாதியில் ஒருவர் செத்தால் என்ன என்பதற்குத்தான் மீதி நிரல் எல்லாம். செமஃபோருக்குச் சொந்தக்காரர் கிடையாது, அதனால் செத்தவருக்காக கெர்னல் அதைத் திறந்துவிடாது.

பகிர்ந்த இடத்துக்குள்ளேயே பீதிரெட் மியூடெக்ஸ் வையுங்கள்; இந்தப் பூட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. பிராசஸ்-ஷேர்டு (பல பிராசஸ் பயன்படுத்தலாம்), ரோபஸ்ட் (சொந்தக்காரர் செத்தாலும் மீட்கலாம்) இரண்டு பண்பும் கொடுத்து, உருவாக்குபவர் மட்டும் ஒரே ஒருமுறை இனிஷியலைஸ் செய்யட்டும். பூட்டோடு செத்தால் அடுத்து பூட்டுபவருக்கு ஈஓனர்டெட் (சொந்தக்காரர் செத்தார்) என்ற பிழை எண் வரும். அப்போது பூட்டு உங்கள் கையில்தான், ஆனால் தரவு அரைகுறையாக இருக்கலாம். சரிபார்த்துவிட்டு பீதிரெட்_மியூடெக்ஸ்_கன்சிஸ்டென்ட் கூப்பிடுங்கள். அதை மறந்து அன்லாக் செய்தால் அந்தப் பூட்டு இனி யாருக்கும் உதவாது.

எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர் என்றால் பூட்டே வேண்டாம் என்பது என் கருத்து. வட்ட வரிசை ஒன்று, ஆளுக்கொன்றாக இரண்டு அட்டாமிக் (பாதியில் உடையாமல் மாறும்) எண்ணிகள். எழுதுபவர் படத்தை முழுதாக எழுதிய பிறகு தன் எண்ணியை ரிலீஸ் முறையில் (முன் எழுதியதெல்லாம் முதலில் தெரியும்படி) கூட்டுவார். படிப்பவர் அதற்கு இணையான அக்வயர் முறையில் அதைப் பார்ப்பார், படித்து முடித்ததும் தன் எண்ணியைக் கூட்டுவார். இரண்டு எண்ணிகளின் வித்தியாசம் 4 ஆனால், நான்கு படங்களுக்கான வரிசை நிறைந்தது: புதிய படத்தை விடுங்கள், விட்டதை எண்ணி வையுங்கள். எண்ணிகளை 64 பைட் இடைவெளியில் வையுங்கள், ஒரே கேச் வரியில் (சிப் ஒரே வீச்சில் எடுக்கும் நினைவகத் துண்டு) இருந்தால் சிப்பின் இரண்டு கோர்களும் அதை மாறி மாறிப் பிடுங்கும். வாலடைல் என்ற குறிச்சொல் இதற்குப் போதாது, அது வரிசையை உறுதி செய்யாது. இன்டெல் மெஷினில் தப்பித்த பிழை ஏஆர்எம் சிப் உள்ள ராஸ்பெரி பையில் போட்டதும் வெளியே வரும்.

பட்டர்வொர்த்திலிருந்து: சர்வீஸ் நன்றாக ஓடும். யாராவது எஸ்எஸ்எச்சில் நுழைந்து வெளியேறினால் /டெவ்/எஸ்எச்எம் கோப்பு காணாமல் போகிறது!

பதில்: சர்வீஸும் நீங்களும் ஒரே யூசரா? லினக்ஸின் சர்வீஸ் நிர்வாகியான சிஸ்டம்டியில், யூசர்கள் நுழைவதைக் கவனிக்கும் லாகின்டியில் ரிமூவ்ஐபிசி இயங்கினால், சாதாரண யூசர் முழுதாக வெளியேறியதும் அவருடைய ஐபிசி பொருள்களை அது அழிக்கும். சர்வீஸுக்குத் தனி சிஸ்டம் யூசர் கொடுங்கள், அதுதான் முறை. முடியாவிட்டால் லாகின்டி.கான்ஃபில் ரிமூவ்ஐபிசி=நோ.

பாயான் லெப்பாஸிலிருந்து மறுபடி: படம் எடுக்கும் புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால், குறை தேடுவதற்குப் புதிய படமே வருவதில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: ஸ்டார்ட் ஆகும்போது எஸ்எச்எம்_அன்லிங்க் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறீர்கள், சரியா? அன்லிங்க் பெயரை மட்டும்தான் எடுக்கும். ஏற்கெனவே மேப் செய்தவரிடம் பழைய நினைவகம் உயிரோடு இருக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எனவே அன்லிங்க் செய்யும் முன் பழையதைத் திறந்து, தலைப்பகுதியில் "காலாவதி" என்ற கொடியை எழுதுங்கள். படிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்து, கண்டால் மன்மேப் செய்து (மேப்பைக் கழற்றி) பெயரை மீண்டும் திறக்கட்டும். கன்டிஷன் வேரியபிளில் (ஒருவர் எழுப்பும்வரை காத்திருக்கும் கருவி) தூங்குபவர் என்றால் 500 மில்லிசெகண்ட் போலக் கெடு வைத்துத் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் கொடியைப் பார்க்க அவர் எழவே மாட்டார்.