வண்டி வந்துவிடும், சம்ப் மூடியின் மேல் கார் நின்றால்?

கேள்வி: சென்னை வேளச்சேரியில், வாகன நிறுத்தத்துக்கு மேல் நான்கு மாடிகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. தெரு குறுகல். தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி பத்து நிமிடத்தில் வந்துவிடும், நாம் எதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்கிறார் சங்கச் செயலாளர். சரியா?

பதில்: வண்டி வரும். ஆனால் அதில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று செயலாளரைக் கேளுங்கள். வழக்கமான தீயணைப்பு வண்டியில் இருப்பது சுமார் 4,500 லிட்டர். கோடையில் உங்கள் சங்கம் வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் பாதிகூட இல்லை. முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் காலி. அடுத்த வண்டி வரும்வரை உங்கள் சம்ப்தான், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிதான், கைகொடுக்க வேண்டும். பல குடியிருப்புகளில் அந்த சம்ப் மூடியின் மேல் கார் நிற்கும். கார்க்காரர் அலுவலகத்தில் இருப்பார். நான் தீயணைப்புப் பணியில் இருந்த காலத்தில் சாவி தேடியே நேரம் போன அழைப்புகள் உண்டு.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். உங்களுடையது அதற்குள் அடங்கிவிடும். அவற்றுக்குரிய கடுமையான ஏற்பாடுகளை உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அதனாலேயே உங்கள் கவனம் கூட வேண்டும்.

நேராகக் கீழே இறங்கி மின்மீட்டர் பலகையைப் பாருங்கள். அநேகமாக அது படிக்கட்டின் அடியிலேயே இருக்கும். பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டர், பழைய மெத்தை, அட்டைப் பெட்டிகள், இப்போது புதிதாக சார்ஜ் ஏறும் மின்சார வண்டி ஒன்று. மீட்டர் பலகையில் பொறி கிளம்பினால் இவை எரியும், படிக்கட்டு புகைபோக்கியாக மாறும். நான்காம் மாடிக்காரர் தீயைப் பார்ப்பதற்கு முன்பே புகையில் மயங்கிவிடுவார். முதல் செலவு அங்கேதான்: பலகையை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், சுற்றிலும் இடத்தைக் காலி செய்யுங்கள். இரண்டாவதற்குச் செலவே இல்லை.

திருடனுக்குப் பயந்து மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைத்திருப்பீர்கள். உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள். படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் இறங்க முயல வேண்டாம், லிஃப்ட் பக்கமே போக வேண்டாம். வீட்டுக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வைத்து, பால்கனியில் நின்று குரல் கொடுங்கள்.

தீயணைப்பான் வாங்குவதென்றால் திடப்பொருள், திரவம், எரிவாயு மூன்றின் தீக்கும் பொருந்தும் ஏபிசி உலர்பொடி வகை போதும். அதன் அழுத்தமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். வீட்டு உபயோக அளவிலானது அரை நிமிடம்கூடத் தாங்காது. ஊசியை உருவி, தீயின் அடியில் அடியுங்கள், சுவாலையில் அல்ல. எரியும் எண்ணெய்ச் சட்டியில் மட்டும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். எண்ணெய் கூரைவரை சிதறும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடினாலே போதும். எரிவாயு வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். தீ என்றால் 101 அல்லது 112.

அழைக்கும்போது பதற்றத்தில் தெருப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ, என்ன எரிகிறது, எந்த மாடி, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா, இவ்வளவும் சொல்லுங்கள். பிறகு ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். குறுகல் தெருவில் எதிர்வரும் ஆட்டோவை நிறுத்த அந்த ஒருவர் போதும்.

செயலாளரைச் சம்மதிக்க வைக்க ஒரு வழி உண்டு. உங்கள் பகுதி தீயணைப்பு நிலைய அலுவலருக்குச் சங்கத்தின் பெயரில் ஒத்திகை கேட்டுக் கடிதம் கொடுங்கள். 1944 பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் இத்தகைய நிகழ்ச்சிகள் அதிகம் நடக்கும்; மற்ற நாட்களிலும் கேட்கலாம். எரியும் சிலிண்டரை ஈரச் சாக்கால் மூடி அணைத்துக் காட்டுவார்கள். அன்று சம்ப் மூடியின் மேல் நிற்கும் கார் யாருடையது என்பதையும் அவர்கள் முன்னிலையிலேயே கேட்டுவிடுங்கள்.