முதல் பார்சலை உங்கள் அண்ணனுக்கே அனுப்புங்கள்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறோம். மாமனார் கடைக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார். நான் சொந்தமாக ஆன்லைன் கடை திறக்க ஆசைப்படுகிறேன். வெப்சைட் செய்து தர ஒருவர் 45,000 ரூபாய் கேட்கிறார். 150 டிசைன் ஏற்றித் தீபாவளிக்குள் திறந்துவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, சின்னாளபட்டி

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. 2019-ல் நானும் அப்படித்தான் ஒருவரிடம் பணம் கட்டினேன். தளம் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. முதல் மூன்று மாதத்தில் விற்றது ஏழு சேலை, அதில் மூன்று திரும்பி வந்தது. கோயம்புத்தூர் அம்மா ஒருவர் திட்டக்கூட இல்லை. "நான் கேட்டது அரக்குங்க, நீங்க அனுப்பினது செங்கல் கலருங்க" என்றார். சேலை அரக்குதான். ஹாலில் டியூப்லைட்டுக்குக் கீழே நான் எடுத்த படத்துக்கும் சேலைக்கும் சம்பந்தமே இல்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து மொட்டைமாடிதான் என் ஸ்டூடியோ. காலை எட்டு மணி, கைப்பிடிச் சுவர் நிழல், பின்னால் வெள்ளை வேட்டி.

150 டிசைன் வேண்டாம், பன்னிரண்டு போதும். ஒவ்வொன்றுக்கும் முழுச் சேலை, முந்தி, பார்டர் என்று மூன்று படம். நான்காவதாக, புள்ளியின் அளவு தெரிய விரலை வைத்து ஒரு கிட்டப்படம். நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுத்த கட்டுச் சுங்குடியா, மெழுகு அச்சா, ஸ்கிரீன் பிரிண்டா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-லேயே கிடைத்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் முடிச்சுக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், புள்ளிக்கு அல்ல. அச்சுச் சேலை விற்பதில் ஒரு குறைவும் இல்லை. ஆனால் அதைக் கட்டு என்று சொல்லி விற்றால், பார்சலைப் பிரித்துத் தடவிப் பார்க்கிற நிமிடமே ஆள் கைவிட்டுப் போய்விடும்.

உங்களிடம் இருப்பது, என்னைப்போல வாங்கி விற்பவர்களிடம் இல்லாத ஒன்று: சாயப்பட்டறை. ஒரு சேலையைக் கல்லுப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். சாயம் கொஞ்சம் இறங்கினால் அதையும் காட்டுங்கள். "சாயம் போகுமா?" என்பதுதான் எனக்கு வருகிற முதல் கேள்வி. விலை அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது பார்சல். கூரியர்காரர்கள் தராசில் வருகிற எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுப்பார்கள். அதுவும் தராசு எடையும் எது அதிகமோ அதற்குக் காசு. அழகாக இருக்கட்டும் என்று நான் வாங்கிய அட்டைப்பெட்டி 40, 30, 8. கணக்குப் போட்டால் 1.92 கிலோ வருகிறது. உள்ளே இருந்த சேலை 450 கிராம்! இப்போது சேலையை இறுக்கி மடித்து, 30, 24, 3 அளவுள்ள கவரில் போடுகிறேன். அரைக் கிலோவுக்குள் முடிந்துவிடுகிறது. ஐநூறு பெட்டி மொத்தமாக வாங்கியிருந்தேன். இன்னமும் கொலு பொம்மை அதில்தான் தூங்குகிறது.

விலையைப் பார்சலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். என் கணக்கில் ஒரு சேலை 1,450 ரூபாய். அதற்குள்ளேயே 5 சதவீத ஜி.எஸ்.டி. 69 ரூபாய். ஆன்லைனில் பணத்தை வாங்கி நம் கணக்கில் போடுகிற பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதமும் அதன்மேல் வரியும் சேர்த்து 34. கவர் 25. கூரியர் 90. சேலையின் அசல் 900. மிச்சம் 332. இதிலேதான் திரும்பி வருகிற சேலை, கறைபட்ட சேலை, போன் பில் எல்லாம். உங்கள் மாமனாரின் கூலியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். வீட்டு ஆள்தானே என்று விட்டால் கடை லாபத்தில் ஓடுவது மாதிரியே தெரியும்.

ஆரம்பத்துக்கு வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக் போதும். ஐம்பது சேலை விற்ற பிறகு, மாதச் சந்தாவில் கிடைக்கிற ஆயத்த ஆன்லைன் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். யார் செய்து கொடுத்தாலும் டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். என்னுடையதை அந்த மனிதர் தன் பெயரில் பதிந்துகொண்டார். கடைப் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

தீபாவளிக்குத் திறப்பதும் வேண்டாம். அந்த நேரத்தில் கூரியர் ஆபீஸில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், உங்கள் முதல் பார்சல் அதில் தொலையும். ஆடியிலேயே வெளியூரில் இருக்கிற அண்ணன், சித்தி என்று நாலு பேருக்கு உண்மையாகவே பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிப் பாருங்கள். ஆடியில் கடை திறப்பதா என்று மாமியார் கேட்டால், இது வெறும் ஒத்திகை என்று சொல்லுங்கள். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக்கொள்ளலாம்.

கேள்வி: விசைத்தறி பெட்ஷீட்டைச் சொந்தத் தளத்தில் விற்கப்போகிறேன். வருஷத்துக்கு நாலைந்து லட்சம்தான் வரும். 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. வேண்டாம் என்கிறார்களே?
- வாசகர், கரூர்

பதில்: தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றால் சரி. உங்கள் பார்சல் ஓசூர் தாண்டிப் பெங்களூருக்குப் போனால் கணக்கு வேறு. வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்பவர் முதல் விற்பனையிலிருந்தே பதிய வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலிட்ட கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு, விசைத்தறித் துணி அதில் வராது. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் என்கிற வரிக் கணக்கைப் போட வேண்டும், மறந்தால் அபராதம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான், அதற்கு யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ல் வந்தன. தளத்தில் முகவரி, போன், திருப்பி எடுக்கும் விதம், புகாரைக் கேட்பவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: கேஷ் ஆன் டெலிவரி வைக்காவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறான் தம்பி. வைக்கலாமா அக்கா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தம்பி சொல்வது பாதி சரி, ஆர்டர் குவியும். கூரியர்காரர்கள் வாயில் 'ஆர்.டி.ஓ.' என்று ஒரு வார்த்தை வரும். லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் அல்ல, வாங்காமல் திரும்பி வருகிற பார்சல். போகவும் வரவும் இரண்டு கூலியும் நம் தலையில். நான் இப்போது ஆர்டர் வந்ததும் போன் போடுகிறேன், நூறு ரூபாய் மட்டும் முன்பணமாக யு.பி.ஐ.யில் அனுப்பச் சொல்கிறேன். அந்த நூறு ரூபாயைக் கேட்டதும் சிலர் போனை வைத்துவிடுவார்கள். அவர்களுக்காகச் சேலையை மடிக்கிற வேலை நமக்கு மிச்சம்.