யாரோ எவரோ கொடுத்த ரத்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அம்மாவுக்குக் கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழிவரை வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, அதே கண்ணிலிருந்து மெல்லிய சவ்வு எடுத்து வைத்து, அம்மாவின் ரத்தத்தாலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் டாக்டர். கம்பெனிப் பசை என்றால் செலவு அதிகமாம். தையல் இல்லாமல் நிற்குமா? யாரோ எவரோ கொடுத்த ரத்தம் அம்மா உடம்பில் கலக்காது என்பது மட்டும் எங்களுக்குப் பெரிய நிம்மதி.

க., பெரம்பலூர்

அன்புள்ள க.,

நிற்கும். காயத்தில் கசியும் ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம், ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதி பட்டதும் இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். சவ்வை அதன்மேல் பரப்பிச் சில நிமிடங்கள் அசையாமல் வைத்தால் பிடித்துக்கொள்கிறது. தையல் இல்லாததால் உறுத்தலும் குறைவு. செலவுக் கணக்கை டாக்டரிடமே பேசுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக.

பயம் நியாயம்தான். பலருடைய பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஒன்றாகக் கலந்து எடுத்த ஃபைப்ரினோஜனால் மஞ்சள் காமாலை பரவியது. 1978இல் அமெரிக்கா அதன் உரிமத்தையே ரத்து செய்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே பசை செய்யும் முயற்சிகள் அதன்பின் வேகம் பிடித்தன. மற்றவர்கள் பிளாஸ்மாவிலிருந்து எடுத்து, கிருமியை அழித்த கம்பெனிப் பசைக்கு அங்கே 1998இல்தான் அனுமதி கிடைத்தது.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பது கிருமி பயம் இல்லையே! "யாரோ எவரோ" என்று எழுதிய கை என்ன நினைத்தது என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவின் அறுவைக்கு ரத்தம் கேட்டபோது, ஆஸ்பத்திரி வாசலில் பந்தி போல் கூடியிருந்த சொந்தங்கள் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். கொடுத்தவர் பக்கத்து வார்டு நோயாளிக்குத் துணையாக வந்திருந்தவர். ஊரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவரும் உங்கள் கணக்கில் யாரோ எவரோதான்.

சரி, சொந்த ரத்தப் பசை முழுக்கச் சொந்தமா? உங்கள் அம்மாவுக்குச் செய்யப்போவதில் ஆம். ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கும்போது, நோயாளியின் பிளாஸ்மாவை உறையவைத்து, மெல்ல உருகவிட்டு, ஃபைப்ரினோஜனைப் பிரித்தெடுப்பார்கள். அதோடு சேர்க்கும் த்ராம்பின் பல நேரங்களில் வேறு மனிதருடையது, அல்லது மாட்டினுடையது. மாட்டு த்ராம்பினுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் சிலருக்கு ரத்தம் உறைய உதவும் நம்முடைய ஐந்தாம் உறைகாரணி என்ற புரதத்தையே தாக்கி, ரத்தம் உறையாமல் செய்துவிடும். பாதி சொந்தத்தை வைத்துக்கொண்டு முழுச் சொந்தம் என்று பெருமை பேசுகிறோம்.

1940இல் விலங்குகளின் அறுந்த நரம்புகளைப் பிளாஸ்மாவால் ஒட்டிக் காட்டிய இருவரில் ஒருவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார். ஒருவர் தோலை மற்றவர் உடம்பு ஏன் தள்ளுகிறது என்று பின்னாளில் ஆராய்ந்தவரும் அவரே. 1960இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையராக இல்லாவிட்டால் அண்ணன் தோலையும் உடம்பு தள்ளிவிடும். குலம் கோத்திரம் பார்க்கத் தெரியாது அதற்கு. உங்களுக்கு மட்டும் எங்கிருந்து தெரிந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெயிலிலும் புழுதியிலும் உழைத்த கண்ணாக இருக்கும், அங்கேதான் இந்தச் சதை அதிகம் வளர்கிறது. முதல் சில நாட்கள் அம்மா கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சவ்வு நழுவிவிடும். அவர் குணமானதும் நீங்கள் ரத்த வங்கிக்குப் போய் வாருங்கள். யாருக்குப் போகும் என்று அங்கே கேட்காதீர்கள்.