ஒவ்வொரு ஸ்பிரிண்ட்லயும் (இத்தன நாள்ல முடிக்கணும்னு வேலய எடுத்துக்குற சுத்து) பாதி டிக்கெட் அடுத்ததுக்குப் போயிடுது, வேலய டிக்கெட் டிக்கெட்டா போட்டு கணக்கு வைக்கிற ஜிரா சாஃப்ட்வேர விட்டுட்டு வேற டூலுக்கு மாறலாமா?

மாறலாம், ஆனா ரெண்டு மூணு ஸ்பிரிண்ட் போனதும் புது டூல வச்சிக்கினு இதே கேள்வியத்தான் கேப்பீங்க. மாறுறதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணுங்க. ஜிரால ரிப்போர்ட்ஸ் உள்ள போயி ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்ட தொறந்து, கடைசியா முடிச்ச ஸ்பிரிண்ட்டுங்கள ஒவ்வொன்னா பாருங்க. சில டிக்கெட் நம்பர் பக்கத்துல சின்னதா ஒரு ஸ்டார் இருக்கும். அதெல்லாம் ஸ்டார்ட் ஸ்பிரிண்ட் அழுத்துனதுக்கு அப்புறம் உள்ள நுழைஞ்சது. மொதல்ல அத எண்ணுங்க.

நான் பெரம்பூர்ல ஒரு சின்ன கம்பெனில இருக்கேன். எங்க கிளையன்ட் எல்லாம் சென்னை பாரிஸ் கார்னர், ராயபுரம் பக்கம் இருக்குற, கஸ்டம்ஸ்ல சரக்க க்ளியர் பண்ணிக் குடுக்குற கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸும், மாதவரம் மணலி சைடுல கன்டெய்னர் யார்டு வச்சிருக்கவங்களும்தான். இவங்க யாரும் டிக்கெட் போட மாட்டாங்க, எல்லாம் போன்தான். "தம்பி, ஒரு சின்ன பட்டன்தான்பா, சாயந்தரத்துக்குள்ள போட்டுக் குடுத்துடு"ன்னு நேரா டெவலப்பருக்கே அடிப்பாங்க, அவனும் தெரிஞ்ச அண்ணனாச்சேன்னு செஞ்சு குடுத்துடுவான், ஜிரால அது எங்கயுமே இருக்காது, வெள்ளிக்கெழம பாத்தா அவன் பேர்ல இருக்குற டிக்கெட்டெல்லாம் இன் ப்ராக்ரஸ்லயே கெடக்கும், அப்போ மேனேஜர் வந்து "இன்னாபா, ஒரு வாரமா இன்னா பண்ணிக்கினு இருந்த?"ன்னு கேப்பாரு. உங்க ரிப்போர்ட்ல ஸ்டார் கம்மியா இருந்தாலும் இந்த போன் வேல எவ்ளோன்னு டீம்ல தனியா கேட்டுப் பாருங்க, உண்மையான திருட்டு அங்கதான்.

அதனால எங்க டீம்ல ரூல் ஒன்னுதான். போன்ல வந்தாலும் வாட்ஸாப்ல வந்தாலும் ஒரு வரி டிக்கெட்டாவது போடணும், அதுக்குன்னு ஒரு லேபிள் வச்சிருக்கோம். அது நடு ஸ்பிரிண்ட்ல உள்ள வரணும்னா அதே பாயிண்ட்டுக்கு (வேல எவ்ளோ பெருசுன்னு போடுற மார்க்) வேற ஒன்னு பேக்லாக்குக்கு, அதாவது காத்துக்கினு இருக்குற வேலைங்க லிஸ்ட்டுக்கு, திரும்பிப் போகணும். எது போகணும்னு டெவலப்பர் முடிவு பண்ண மாட்டான், எந்த வேல மொதல்லன்னு முடிவு பண்ற ப்ராடக்ட் ஓனர்தான் கிளையன்ட்கிட்ட பேசி சொல்லணும். இது நாங்களா கண்டுபுடிச்சது இல்ல, இந்த ஸ்பிரிண்ட் முறைக்கு ரூல் புக்கான ஸ்க்ரம் கைடுலயே ஸ்பிரிண்ட்டோட கோலுக்கு (குறிக்கோள்) ஆபத்து வர்ற மாதிரி எதையும் மாத்தாத, ஸ்கோப்ப வேணா ப்ராடக்ட் ஓனரோட பேசி மாத்திக்கோன்னுதான் இருக்கு. "இத இப்பவே பண்றோம், பதிலுக்கு உங்க அந்த ரிப்போர்ட் அடுத்த ஸ்பிரிண்ட்தான், ஓகேவா சார்?"னு கேட்ட ஒடனே பாதி அவசரம் தானா காணாம போயிடும்.

உண்மையான அவசரமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. சென்னை போர்ட் ஜீரோ கேட் முன்னாடி லாரி நிக்குது, எங்க சாஃப்ட்வேர்ல பேப்பர் வரலன்னா ஸ்பிரிண்ட்டாவது ஒன்னாவது, எல்லாத்தையும் போட்டுட்டு அததான் பாக்கணும். கஸ்டம்ஸோட ஐஸ்கேட் சைட்ல ஏதாச்சும் மாத்துனாலும், பட்ஜெட்டுக்கு அப்புறம் ட்யூட்டி ரேட் மாறுனாலும் இதே கததான். அதுக்குத்தான் ப்ளானிங்லயே டீமோட கெபாசிட்டி முழுசையும் ரொப்பாம கொஞ்சம் காலியா விடணும். எவ்ளோ விடணும்னு அந்த லேபிள வச்சு பழைய ஸ்பிரிண்ட்டுங்கள பாத்தாலே தெரிஞ்சிடும். மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு, சும்மா இருக்கப் போறீங்களான்னு கேப்பாரு. ரிப்போர்ட்ட காட்டுங்க.

இன்னொன்னு, உங்க போர்டையும் செக் பண்ணிக்கோங்க. ஜிரா போர்டுல எந்த காலம் (column) கடைசியா வலது ஓரத்துல இருக்கோ அதுக்கு வந்தாத்தான் டிக்கெட் முடிஞ்ச கணக்கு. யாராச்சும் நல்லா இருக்கட்டும்னு டன்னுக்கு (Done) அப்புறம் ரிலீஸ்னு ஒரு காலம் சேத்திருந்தா, டெஸ்ட்டிங் முடிஞ்சு டன்ல இருக்குறதெல்லாம் கூட முடியாததுல போயி நிக்கும். அப்புறம் ஸ்டோரி பாயிண்ட்ட, ஸ்டோரிக்கு (பெரிய டிக்கெட்) உள்ள பிரிச்சுப் போடுற சப்டாஸ்க்ல போடாதீங்க, மிச்ச வேல எவ்ளோன்னு காட்டுற பர்ன்டவுன் சார்ட்ல அது ஏறாது, ஸ்டோரிலதான் போடணும்.

ஸ்டாரும் இல்ல, போன் வேலயும் இல்ல, ஆனாலும் பாதி நிக்குதுன்னா நீங்க எடுக்குறதே அதிகம்னு அர்த்தம். போன சில ஸ்பிரிண்ட்ல நெஜமா முடிச்ச பாயிண்ட்டோட ஆவரேஜ் எவ்ளோ, அதுக்கு மேல எடுக்காதீங்க. ஸ்க்ரம் கைடுல ஸ்பிரிண்ட்ல எடுக்குற வேலய முன்னாடி கமிட்மெண்ட்னு எழுதியிருந்தாங்க, 2011லயே அத எடுத்துட்டு ஃபோர்காஸ்ட்னு மாத்திட்டாங்க, நம்ம ஆபீஸுங்களுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரல.

ரிப்போர்ட்ல பாதிக்கு மேல ஸ்டாராவே இருந்தா உங்களுது சப்போர்ட் டீம். ஸ்பிரிண்ட்டே வேணாம், அதே ஜிரால, ஸ்பிரிண்ட் இல்லாம வர்ற வேலய வரிசையா ஓட்டுற கான்பன் போர்டு போட்டு, போர்டோட ஒவ்வொரு காலத்துலயும் (column) இத்தன டிக்கெட்டுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு லிமிட் வச்சிட்டு வேலயப் பாருங்க.

டூல் மாத்துறதுக்கு நியாயமான காரணம்னா எனக்குத் தெரிஞ்சு காசுதான். ஜிரா ஃப்ரீ ப்ளான்ல 10 பேருதான், அதுக்கு மேல ஆள் சேந்து கட்டுப்படியாகலன்னா தாராளமா மாறுங்க. பழைய ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்ட மட்டும் கெளம்புறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சிக்கோங்க, டிக்கெட்டெல்லாம் எக்ஸ்போர்ட்ல வந்துடும், எது எப்போ உள்ள நுழைஞ்சதுங்கற கணக்கு பெரும்பாலும் கூட வராது.